விண்ணப்பம் வளர்ந்த வரலாறு

'விண்ணப்பம்' என்பது நம் மொழியில் மிகப் பழமையான சொல். தஞ்சைப் பெரிய கோயிலிலே தேவாரத் திருப்பதியங்களைப் பாடுவதற்காக இராசராச சோழன் 48 பேரை நியமித்தான். அவர்கள் பாடுவதைத் 'திருப்பதியம் விண்ணப்பம் செய்தல்' என்றே அக்கோயிற் கல்வெட்டுக் குறிக்கின்றது. இறைவன் முன்னும் அரசன் முன்னும் பணிந்து கூறுவதே விண்ணப்பமாக இருந்தது. இன்றோ, வேலை நாடும் இளைஞர் கணினித் திரையின்முன் அமர்ந்து நிரப்பும் படிவத்திற்கு அப்பெயர் வழங்குகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே, கேரளத்தின் எல்லைப் பகுதிகளில் வாழும் நம்மவர் வரலாறும் ஒன்று அடங்கியுள்ளது.

1877ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைப் பகுதியைப் பெற்றார். காடு தோட்டமாயிற்று. தோட்டத்திற்கு ஆட்கள் வேண்டுமே! மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து ஏழை மக்கள் மலையேறினர். அவர்களுள் எவரும் விண்ணப்பம் எழுதி வந்தவரல்லர். ஊருக்கு வந்த கங்காணி முன்பணம் கொடுத்தான். ஆளை அழைத்துச் சென்றான். தொழிலாளியின் பெயரும் கடனும் கங்காணியின் ஏட்டிலே ஏறின. எழுதியது பிறர் கை. எழுதப்பட்டது இன்னதென்று அறியாதவன் தொழிலாளி. இலங்கைத் தோட்டங்களிலே இம்முறை இன்னும் கடுமையாயிற்று. ஒருவனது கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டோடு, அவனையே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு மாற்றினர். அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மலையிலே நிலைமை இவ்வாறிருக்க, திருவிதாங்கூர் அரசுப் பணிகளைப் பற்றி வேறொரு வழக்கு எழுந்தது. உயர்ந்த பதவிகளெல்லாம் வெளியிலிருந்து வந்த பிராமணர்க்கே, சிறப்பாகத் தமிழ்ப் பிராமணர்க்கே, செல்கின்றன என்று கூறி, 10,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட 'மலையாளி மெமோரியல்' 1891இல் மகாராசாவிடம் அளிக்கப்பட்டது. அம்முறையீட்டில் நியாயம் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1896இல் டாக்டர் பல்ப்புவின் முயற்சியால் 13,176 ஈழவ மக்கள் தம் குறையை எழுதிக் கையொப்பமிட்டனர். 1930களில் நிவர்த்தனக் கிளர்ச்சி எழுந்தது. அதன் பயனாக, 1936இல் டாக்டர் நோக்ஸ் என்பார் அரசுப் பணி ஆணையராகப் பொறுப்பேற்றார். இன்றைய கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வேர் அதுவே.

இதனால் நாம் அறிவது யாது? பலர் கூடி எழுதிய விண்ணப்பமே, பின்னர் ஒருவர் தனித்து எழுதும் விண்ணப்பத்திற்குக் கதவைத் திறந்தது. உரிமை முன்னே வந்தது. படிவம் பின்னே வந்தது.

1956 நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தோடு நின்றன. அங்கிருந்த தமிழர், இருந்த இடத்தில் இருந்தவாறே மொழிச் சிறுபான்மையினராயினர். அதே ஆண்டில், அரசியலமைப்பின் ஏழாவது திருத்தம், சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிலே பெற வழிசெய்தது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமோ, தமிழரும் கன்னடரும் தத்தம் மொழியிலேயே மாநில அரசுக்கு எழுதலாம் என்றும், விடையும் அம்மொழியிலேயே வரவேண்டும் என்றும் விதித்தது. தலைமைச் செயலகத்திற்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்களுக்கும் இவ்வுரிமை செல்லும். நம்முள் எத்தனை பேர் இதனை அறிவோம்? அறிந்தவருள் எத்தனை பேர் பயன்படுத்தினோம்?

இதற்கிடையே வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றின. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கென 1945இல் தொடங்கிய அவை, 1948இல் எல்லா மக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. காலியிடங்களை அவற்றிற்குக் கட்டாயமாக அறிவிக்கவேண்டும் என்ற சட்டம் 1959இல் வந்தது. பதிவு அட்டையைப் பொன்போற் காத்து, தவறாது புதுப்பித்து, அழைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை ஒன்று நம் வீடுகளில் உண்டு. அவ்வலுவலகப் பட்டியலோடு நில்லாது, நாளிதழ்களிலும் விளம்பரம் செய்து எல்லோருக்கும் வாய்ப்பளிக்கவேண்டும் என்று 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பின்னர்க் கணினி வந்தது. கேரளத்தில் 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அட்சயத் திட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவு முறை வந்தபின், ஒருவர் தம் விவரங்களை ஒருமுறை பதிந்துவிட்டால், பின்னர் வரும் ஒவ்வோர் அறிவிப்பிற்கும் அதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. நடுவண் அரசின் தேசியத் தொழில்வாழ்க்கைச் சேவைத் தளம் 2015இல் வந்தது. மலை உச்சியில் இருப்பவரும் தலைநகரில் இருப்பவரும் ஒரே வாயிலில் நிற்கலாயினர். இது பெரும் பேறே, ஐயமில்லை.

ஆயினும், பழைய இடர்கள் புது உருவில் வருகின்றன. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவது நம் வழக்கம். பள்ளிச் சான்றிதழில் ஒருவகையாகவும் ஆதார் அட்டையில் வேறுவகையாகவும் பெயர் இருந்தால், இடர்ப்படுபவர் விண்ணப்பதாரரே. பட்டியல் சாதியினர் சான்றிதழ் கேட்கும்போது, 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணை வெளியான காலத்திலேயே முன்னோர் இங்கு வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று வேண்டப்படுகின்றது. கங்காணியின் ஏட்டில் மட்டுமே பெயர் ஏறியிருந்த பாட்டனாரின் பேரன் எதைக் காட்டுவான்? அன்று தன் பெயரைத் தான் எழுத இயலாமற்போன குறை, மூன்று தலைமுறை கடந்தும் தொடர்கின்றது! பழைய தோட்டச் சீட்டாயினும் பள்ளிச் சேர்க்கைத் தாளாயினும், வீட்டிலுள்ள எதனையும் எறிந்துவிடாதீர்கள்.

மற்றொன்றும் கூறவேண்டும். படிவத்தை நிரப்பப் பிறர் உதவலாம். ஆனால் கடவுச்சொல்லையும் பிறர் கையில் விட்டுவிடுவது, பெயரை மீண்டும் கங்காணி ஏட்டில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். தேர்வெழுத ஒப்புதல் அளிக்கவேண்டிய நாள் கடந்தால் அனுமதிச் சீட்டுக் கிடையாது. அந்நாளை நினைவிற் கொள்ளவேண்டியவர் நாமே. வேலை வாங்கித் தருவதாகக் கூறி இணையத்தில் முன்பணம் கேட்பவரை நம்பலாகாது. அன்றைய கங்காணி முன்பணம் கொடுத்துக் கட்டினான். இன்றைய வஞ்சகன் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகின்றான். பணம் பறிபோனால், காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணில் அறிவித்தல் வேண்டும்.

தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர், தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் போன்ற பணியிடங்கள் நமக்கு உரியவை. அறிவிப்பு வந்ததை அறியாமலே நாள் கடந்துபோவதைப் போன்ற இழப்பு வேறில்லை. சங்கத்தின் அறையிலே ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், கற்ற இளைஞர் சிலர் அமர்ந்து, வரும் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பக் கற்பிக்கலாகாதா? நிரப்பிக் கொடுத்தல் எளிது; நிரப்பக் கற்பித்தலே சிறந்தது. பலர் கூடி உரிமை பெற்ற வரலாற்றை மேலே கண்டோம். அவ்வுரிமையை ஒவ்வொருவரும் தம் கையாலேயே எழுதிக்கொள்ளும் நாளே, கங்காணியின் ஏடு உண்மையில் மூடப்படும் நாள்.