கொச்சிக் கோட்டையில் ஒரு தமிழ்ப் புத்தகம்

ஐரோப்பாவில் துறவிகள் குன்றின் மேல் மடம் கட்டி, சுற்றிலும் மதில் எழும்பி, அதுவே ஊராகிவிட்ட கதைகள் உண்டு. பிரான்சின் மோன் சேன் மிஷேல் அப்படித்தான். களமசேரியிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஃபோர்ட் கொச்சியில் குன்றெல்லாம் கிடையாது. ஆனால் மதிலும் துறவிகளும் சேர்ந்தே வந்தார்கள்.

1503. சாமூதிரியிடம் அடி வாங்கியிருந்த கொச்சி ராஜாவுக்குப் போர்த்துக்கீசியர் துணை தேவைப்பட்டது. கைமாறாகக் கோட்டைக்கு இடம் கொடுத்தார். முதலில் வெறும் தென்னைமர வேலிதான். பெயர் மட்டும் ராஜ பெயர், மானுவல் கோட்டை. உள்ளே பிரான்சிஸ்கன் துறவிகள் மரத்தில் ஒரு தேவாலயம் கட்டினார்கள். கல்லும் சுண்ணாம்பும் கோயிலுக்கும் அரண்மனைக்கும் மட்டுமே என்பது நாட்டு வழக்கம். ஆளுநர் அல்மெய்தா ராஜாவிடம் அனுமதி வாங்கிய பிறகுதான், 1506-ல் கட்டுமான வேலை தொடங்கியது. தேவாலயம் முடிய 1516 ஆயிற்று. நாமெல்லாம் வாஸ்கோ ட காமா கல்லறை என்று போட்டோ எடுக்கிறோமே, அதே புனித பிரான்சிஸ் தேவாலயம். (1524-ல் புதைத்தவரை பின்னாளில் லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாம் எடுப்பது வெறும் கல்லைத்தான்!)

எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு. அடுத்து வந்த இயேசு சபையினர் இங்கே மாத்ரே தே தேயுஸ் என்ற கல்லூரியை நடத்தினார்கள். அங்கே 1579 நவம்பர் 14-ல் அச்சாகி வந்தது 'கிரிசித்தியானி வணக்கம்'. தமிழ் எழுத்தில், தமிழ்ப் புத்தகம்! முத்துக்குளித்துறையில் பரதவர்களோடு வாழ்ந்து தமிழ் கற்ற ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரின் மொழிபெயர்ப்பு. முந்தைய வருடம் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். இது நூறுக்கு மேல். மலையாள எழுத்தில் முழுப் புத்தகம் வந்தது 1772-ல், அதுவும் ரோமில். பள்ளிக்கூடத்தில் 'பாண்டி' என்று கேலி கேட்டுவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்தத் தேதிகளைச் சொல்லிக் கொடுங்கள். சண்டைக்கு இல்லை, சும்மா தெரிந்திருக்கட்டும்.

1663-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டண்ட், கத்தோலிக்க மடங்களும் தேவாலயங்களும் இடிபட்டன. பிரான்சிஸ்கன்களுடையதை மட்டும் தங்கள் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், கணக்கை மூடாமல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். சாந்தா குரூஸ் பேராலயம் ஆயுதக் கிடங்காகத் தப்பியது. 1795-ல் வந்த ஆங்கிலேயர் 1806-ல் கோட்டையையும் பேராலயத்தையும் சேர்த்தே தகர்த்துவிட்டார்கள்.

இப்போதுள்ள சாந்தா குரூஸ் பசிலிக்கா 1905-ல் வந்தது. அதன் வளாகத்தில் தென்கிழக்கு மூலையில் பழைய பேராலயத்தின் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. சீன வலையையே பார்த்துக்கொண்டு திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.