காஞ்சிபுரம் கொலை வழக்கும் ஜாமீன் சட்டத்தின் வளர்ச்சியும்

2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்தில் அதன் மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் காஞ்சி சங்கர மடத்தின் பீடாதிபதி ஜெயேந்திர சரஸ்வதி நவம்பர் 11 இரவு ஆந்திரத்தின் மகபூப்நகரில் கைதாகி, வேலூர் மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றம் இருமுறை ஜாமீன் மறுத்தது. 2005 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை வழங்கியது. இந்த உத்தரவைத் தனிமனிதரின் செல்வாக்குக் கதையாகப் படிப்பது போதாது. அதற்குப் பின்னால் நீண்ட சட்ட வரலாறு இருக்கிறது.

மரண தண்டனைக்குரிய குற்றத்தைச் செய்தார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் ஜாமீன் கூடாது என்பது 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் நிலைப்பாடு. அந்தத் தடை உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது என்று 1931இல் மீரட் சதி வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. 1973 சட்டம் 437, 439 என்ற பிரிவுகளில் இதே வேறுபாட்டைத் தொடர்ந்தது. ஆனால் அதிகாரம் விரிந்ததாலேயே கொலை வழக்கில் ஜாமீன் எளிதாகிவிடவில்லை. 1977இல் குர்சரண் சிங் வழக்கில், சாட்சிகள் கலைக்கப்படலாம் என்ற அச்சத்தால் போலீஸ் அதிகாரிகளின் ஜாமீன் ரத்தானதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

காஞ்சிபுரம் வழக்கில் தலைமை நீதிபதி ஆர்.சி. லகோத்தி தலைமையிலான அமர்வு சாட்சிக் கலைப்பு அச்சம் போன்ற அளவுகோல்களோடு நின்றுவிடாமல் ஆதாரங்களுக்குள்ளும் இறங்கியது. கூலிப்படைக்குக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பணம் எங்கிருந்து வந்தது என்பதில் அரசுத் தரப்பின் விளக்கம் மாறியிருந்தது. நில விற்பனையில் முன்பணமாக வந்ததாகக் கூறப்பட்ட 50 லட்சம் ரூபாய் வங்கியில் செலுத்தப்பட்டதாகக் கணக்கு காட்டியது. உடன் கைதானவர்களின் வாக்குமூலத்தை மட்டும் தாங்கி வழக்கு நிற்காது என்றும் அமர்வு கருதியது. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், குற்றப்பத்திரிகை தாக்கலாகும்வரை மடத்துக்குள் போகக் கூடாது என்பவை நிபந்தனைகளில் சில. கொடிய குற்றம் என்ற சொல்லோடு விசாரணையை முடித்துக்கொள்ளாததே இந்த உத்தரவின் பெருமை என்பேன்.

அதே ஆண்டில் வேறொரு கொலை வழக்கில் உத்தரப் பிரதேச முன்னாள் அமைச்சர் அமர்மணி திரிபாதிக்குக் கிடைத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. சாட்சிகளிடம் தலையிட்டதற்கான தகவல்கள் அங்கே முன்வைக்கப்பட்டிருந்தன. இரண்டு உத்தரவுகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் சட்டத்தின் நிலை தெளிவாகும்.

காஞ்சி வழக்கு பின்னர் புதுச்சேரிக்கு மாற்றப்பட்டது. 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்சாட்சியானார்கள். 2013 நவம்பர் 27 அன்று குற்றம்சாட்டப்பட்டவர்களில் எஞ்சியிருந்த 23 பேரும் விடுதலையானார்கள். ஜாமீன் கிடைத்திராவிட்டால், விடுதலையாகவிருந்த ஒருவர் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்திருப்பார். மறுபுறம், சங்கரராமனுக்கு நீதி கிடைக்கவில்லை என்ற வேதனையையும் மறைக்க முடியாது. சாட்சிகளைச் சிறைக்கதவு காக்காது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். அப்படியொரு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018இல்தான் ஏற்றது.

இதே காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துக் கூலி நெசவாளர் ஒருவர் கொலைப் பழியில் சிக்கினால், டெல்லிவரை போக அவருக்கு வழியுண்டா? 1973 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023 சட்டத்தில், நெடுநாள் விசாரணைக் கைதிகளை விடுவிக்கும் 479ஆம் பிரிவும் கொலைக் குற்றத்துக்குப் பொருந்தாது. 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை உண்டு; வந்துவிட்டால் அந்த வாசலும் மூடிவிடும். ஆகவே 2005இல் டெல்லியில் ஆதாரங்களைப் புரட்டிப் பார்த்த அதே கவனத்தை, செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் முதல் ஜாமீன் மனுவிலேயே நீதிபதிகள் காட்ட வேண்டும்; மறுத்தாலும் காரணத்தை எழுத வேண்டும்.