சிறு தாள்களும் பெரு வரலாறும்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கே, ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் கெச்சிலுக்குச் செல்லும் சாலையில், பெக்கான் நானாஸ் என்னும் சிற்றூர் உள்ளது. 'பெக்கான்' என்பது மலாய் மொழியில் சிறு நகரைக் குறிக்கும். 'நானாஸ்' என்பது அன்னாசி. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அப்பழத்திற்கு இட்ட பெயரைப் போர்த்துக்கீசியர் தம் கப்பல்களில் ஏற்றி வந்தனர். அது தமிழில் 'அன்னாசி' ஆயிற்று. மலாயில் 'நானாஸ்' ஆயிற்று. பழமும் ஒன்று, பெயரின் வேரும் ஒன்று; வந்து சேர்ந்த கரைகள்தாம் வேறு.

இவ்வூரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அஞ்சல்தலை நினைவுக்கு வரும். மலாயா 1957-ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. அவ்வாண்டு மாநிலங்கள் ஒரே வகையான படங்களைக் கொண்ட அஞ்சல்தலை வரிசையை வெளியிட்டன. அவற்றுள் இரண்டு காசுத் தலையில் இருந்தது அன்னாசிப் பழம். அன்னாசிக்குப் பெயர்பெற்ற ஜொகூரிலோ அத்தலை மூன்றாண்டுகள் கழித்து, 1960-இல்தான் வந்தது. அதுவரை ஜொகூரின் தலைகளில் சுல்தான் இப்ராகிமின் உருவமே இடம்பெற்றிருந்தது. அவர் 1959-இல் மறைந்து, சுல்தான் இஸ்மாயில் முடிசூடிய பின்னரே ஜொகூர் அந்த வரிசையில் சேர்ந்தது.

இந்த இரண்டு காசுத் தலைகளை மாநில வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் அடுக்கிப் பாருங்கள். பழம் மாறுவதில்லை, அதன் அருகிலுள்ள உருவமே மாறுகிறது. பினாங்கிலும் மலாக்காவிலும் 1957-இல் எலிசபெத் அரசியாரின் உருவம் இருந்தது. 1960-இல் அது மறைந்து, பினாங்கிற்குப் பாக்கு மரமும், மலாக்காவிற்கு மலாக்கா மரமும் சருகுமானும் வந்தன. ஒரு பேரரசு விலகிச் சென்ற கதையை இரண்டு காசுத் தாள் சொல்லிவிடுகிறது. ஆனால் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தனித்தனியே கிடக்கும்போது இத்தலைகள் எதையும் சொல்வதில்லை. வரிசைப்படுத்திய பிறகே பேசுகின்றன.

சேர்த்தல் வேறு, தொகுத்தல் வேறு. இக்கட்டுரை கூற வருவது இதுவே.

தொகை என்னும் சொல்

தமிழர்க்கு இது புதிய கருத்தன்று. நம் பழைய செய்யுட்கள் நமக்குக் கிடைத்ததே தொகுத்தாரின் அருளால்தான். நான்கடி முதல் எட்டடி வரை உள்ளவை குறுந்தொகை, ஒன்பதடி முதல் பன்னிரண்டடி வரை உள்ளவை நற்றிணை, பதின்மூன்றடி முதல் முப்பத்தோரடி வரை உள்ளவை அகநானூறு எனப் பொதுவாக அளவு கண்டு பிரித்தனர். அகநானூற்றின் எண் முறையையும் எண்ணிப் பாருங்கள். 1, 3, 5, 7, 9 என ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை. 2, 8 என வருவன குறிஞ்சி. 4 என வருவன முல்லை. 6 என வருவன மருதம். 10, 20 எனப் பத்தில் முடிவன நெய்தல். பாட்டின் எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். இவ்வாறு அமைத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழான் மகனார் உருத்திரசன்மர் என்பர். ஓலைகளைச் சேர்த்து வைத்தவர் எத்தனையோ பேர் இருந்திருப்பர். ஒழுங்கு கண்டு அமைத்தவரின் பெயரே நிலைத்தது.

புகையிலைப் பெட்டியிலிருந்து அருங்காட்சியகம் வரை

இனி மேலை நாட்டுக் கதை ஒன்றைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிகரெட் உறை நசுங்காமலிருக்க அமெரிக்க நிறுவனங்கள் அதனுள் ஒரு தடித்த அட்டையை வைத்தன. வெற்றட்டையாக வைப்பானேன் என்று அதில் படம் அச்சிட்டனர். நடிகையர், பறவைகள், கொடிகள், விளையாட்டு வீரர்கள் எனப் படங்கள் பெருகின. தொகுதி நிறைய வேண்டுமாயின் மேலும் மேலும் வாங்கியாக வேண்டும். வணிகரின் நோக்கமும் அதுவே. புகைத்தவர் தந்தை, அட்டையைச் சேர்த்தவன் மகன். இங்கிலாந்தில் வில்ஸ் நிறுவனம் 1896-இல் கிரிக்கெட் வீரர் தொகுதியை வெளியிட்டது. 1940-இல் போர்க்காலக் காகிதப் பஞ்சம் அந்நாட்டில் இவ்வழக்கத்தை நிறுத்திற்று.

அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டமே மக்களின் உயிர். ஆதலால் அங்கே அவ்வீரர்களின் அட்டைகளே பெரிதும் போற்றப்பட்டன. சிகரெட்டை அடுத்து மிட்டாயும் சூயிங்கமும் அவ்வட்டைகளைச் சுமந்தன. 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட தொகுதியில் விற்காது தேங்கியவற்றை, 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அத்தொகுதியை உருவாக்கிய சை பெர்கர் கூறினார். அதே தொகுதியைச் சேர்ந்த மிக்கி மாண்டில் அட்டை ஒன்று 2022-இல் 126 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. குப்பைக்கும் கருவூலத்திற்கும் உள்ள தொலைவு இவ்வளவுதானா என வியப்பு ஏற்படுகிறதன்றோ?

ஆயினும் விலையைக் கண்டு மயங்குவார் ஒரு மனிதரை மறந்துவிடுகின்றனர். நியூயார்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரில், மின்கருவித் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர் ஜெபர்சன் பர்டிக். செல்வரல்லர், மூட்டுவாத நோயால் விரல்கள் முடங்கியவர். பிறர் எறிந்த படத்தாள்களை அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். சேர்த்ததோடு நில்லாமல் வகைப்படுத்தினார். எந்தப் பொருளோடு வந்தது, எந்தக் காலத்தது, எந்தத் தொகுதியைச் சேர்ந்தது எனப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் எழுத்தும் எண்ணும் இட்டு, 1939-இல் ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார். 1909-க்கும் 1911-க்கும் இடையில் வந்த புகழ்பெற்ற தொகுதியை இன்றும் உலகம் 'டி 206' என்றே அழைக்கிறது. அது பர்டிக் இட்ட எண். 'டி' என்பது புகையிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.

மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களை அவர் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். பல ஆண்டுகள் தாமே அங்குச் சென்று, வலிக்கும் விரல்களால் ஒவ்வொன்றாக ஏடுகளில் ஒட்டி அடுக்கினார். அப்பணியை 1963 ஜனவரியில் முடித்தார். அவ்வாண்டு மார்ச்சில் மறைந்தார். பசையிட்டு ஒட்டியது தவறு என இன்றைய பாதுகாப்புக் கலைஞர் கூறுவர், அஃது உண்மையே. ஆனால் அவர் கண்ட ஒழுங்கு இல்லையாயின், பாதுகாக்க ஒன்றும் எஞ்சியிராது.

நம்மவர் படங்கள்

தமிழ்ச் சிறுவர்க்குச் சிகரெட் அட்டையின் இடத்தில் இருந்தது தீப்பெட்டிப் படம். ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டி வந்த காலம் ஒன்று உண்டு. 1922-இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுத் திரும்பினர். பின்னர்ச் சிவகாசியில் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. புலி, மயில், தாமரை, தலைவர் உருவம் எனப் படங்கள் ஆயிரமாயிரம். எழுத்தறியாதவரும் படத்தைக் கண்டு பொருளை அறிய வேண்டும் என்பதே 'மார்க்'கின் நோக்கம். மலாயாவின் அன்னாசி டின்களில் ஒட்டிய வண்ணத்தாளும் இவ்வகையினதே. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் எழுந்த அத்தொழிலின் வரலாற்றை அத்தாள்களைக் கொண்டே பெரும்பகுதி எழுதலாம்.

நம்மிடையே பர்டிக் போன்றவர் இல்லையோ எனின், உளர். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொடங்கியவர். நூல்களோடு நாடக நோட்டீசுகளையும், பாட்டுப் புத்தகங்களையும், அழைப்பிதழ்களையும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் தோன்றியது. நேற்றைய நோட்டீசு இன்று ஆராய்ச்சியாளரின் சான்றாக விளங்குகிறது.

நாம் இழப்பது எது?

இந்நாட்டுத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசாங்க அறிக்கைகளையும் தோட்ட முதலாளிகளின் கணக்குகளையுமே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. தொழிலாளியின் கையிலிருந்த தாள்கள் எங்கே? ரஜுலாக் கப்பலின் பயணச்சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், கூலிச்சீட்டு, தோட்டக் கோயில் திருவிழா அறிக்கை, பள்ளி நாடக நோட்டீசு ஆகியன தகரப் பெட்டிகளில் கிடந்தன. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் சிதறின, பெட்டிகளும் சிதறின. நிலத்தைக் காக்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. தாளைக் காக்க அவ்வாறு ஒரு முயற்சி வேண்டாமா?

இங்கேதான் தமிழாசிரியரின் துணை வேண்டும். மாணவரிடம் 'பழைய தாள் கொண்டு வா' என்று மட்டும் சொன்னால் குப்பைதான் குவியும். ஒவ்வொரு தாளுக்கும் நான்கு குறிப்புகள் வேண்டும்: அது என்ன, எந்த ஆண்டினது, யார் வீட்டில் இருந்தது, அவர் எவ்வாறு பெற்றார். குறிப்பைத் தாளின் மேல் எழுதாமல் தனி ஏட்டில் எழுதி, இரண்டிற்கும் ஒரே எண் இட வேண்டும். பசை கூடாது, உறையிலிருந்து அஞ்சல்தலையைக் கிழிக்கவும் கூடாது. முத்திரையிட்ட முழு உறையே எங்கிருந்து எப்போது வந்தது என்பதைக் காட்டும். ஈரமும் கறையானும் மிகுந்த இந்நாட்டில் காய்ந்த இடத்தில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து பார்க்க வேண்டும். பெருந்தொகை எதுவும் தேவையில்லை. ஓர் ஏடும், சில உறைகளும், பொறுமையும் போதும்.

பெக்கான் நானாசில் இன்று அன்னாசிக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது. ஒரு பழத்தின் கதையைக் காக்க ஓர் ஊர் இடம் ஒதுக்கியுள்ளது. பழத்தை விளைவித்த கைகளின் கதைக்கு, ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியும் ஓர் அலமாரித் தட்டையேனும் ஒதுக்குமா? உருத்திரசன்மர் ஓலைகளுக்குச் செய்ததை, பர்டிக் அட்டைகளுக்குச் செய்ததை, நம் பாட்டன்மாரின் தாள்களுக்கு நாம் செய்தல் வேண்டும். அத்தாள்களைப் பார்த்ததும் இது இன்னது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்தல் வேண்டும்.