ரேடியோ பாய்மரப் படகுப் பந்தயம்

கரையில் நிற்பவர் ரேடியோ கருவியால் இயக்கும் சிறு பாய்மரப் படகுகளின் போட்டியே ரேடியோ பாய்மரப் படகுப் பந்தயம். படகை நகர்த்துவது காற்று மட்டுமே. உள்ளிருக்கும் பேட்டரிக்கு இரண்டே வேலைகள்: சுக்கானைத் திருப்புவது, பாய்க்கயிற்றை இழுத்து விடுவது. பூங்காக் குளங்கள், செயற்கை ஏரிகள், கடலோர நீர்த்தேக்கங்கள் ஆகியவை இதன் களங்கள். ஆள் ஏறிச் செல்லும் பாய்மரப் படகுகளுக்கான சர்வதேசப் பந்தய விதிகளே இதற்கும் பொருந்தும். ரேடியோ படகுகளுக்கென்று அவ்விதி நூலில் தனிப் பிற்சேர்க்கையும் உண்டு.

ரேடியோ வருவதற்கு வெகுகாலம் முன்பே மாதிரிப் படகுப் பந்தயம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இதற்கெனக் கிளப்புகள் இயங்கின. அன்று படகைக் கரையிலிருந்து தள்ளிவிட்ட பின் யாராலும் திருப்ப முடியாது. பாயையும் சுக்கானையும் முன்கூட்டியே கணித்துப் பொருத்திவிட்டு, கையில் கழியுடன் குளக்கரையில் கூடவே நடப்பார்கள். கரையை எட்டும் படகைக் கழியால் திருப்பிவிடுவார்கள். இரண்டிரண்டு படகுகளாக மோதும் அப்போட்டியில் காற்றை எதிர்த்துச் சென்று வென்றால் 3 புள்ளிகள், காற்றோடு சென்று வென்றால் 2. காற்றை எதிர்த்துப் போவதே கடினம் என்பதை அந்தக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகரிலுள்ள வால்போல் பூங்கா ஏரி அக்காலச் சர்வதேசப் போட்டிகளுக்குப் பெயர்பெற்றது. காற்றின் திசைக்கேற்பத் தானே சுக்கானைத் திருப்பும் சிறகு அமைப்பை 1930களின் நடுவில் நார்வேயின் சாம் பெர்கே அங்கேதான் கொண்டுவந்து காட்டினார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் மார்பிள்ஹெட் ஊரில் ராய் கிளஃப் ஒரு புதிய வகுப்பை உருவாக்கினார். படகின் நீளம் 50 அங்குலம், பாயின் பரப்பு 800 சதுர அங்குலம். மற்றவை பெரும்பாலும் வடிவமைப்பாளரின் விருப்பம். 'மார்பிள்ஹெட்' என்ற பெயரில் இவ்வகுப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் கிளப் பந்தயத்தை எளியவர்களுக்கும் திறந்துவிட்ட பெருமை வேறொரு வகுப்பைச் சேரும்.

அதுதான் 1988இல் பிறந்த 'இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்'. கிளப்புகளில் சுருக்கமாக ஐ.ஓ.எம். என்பார்கள். இதன் விதிகளை வடிவமைத்ததில் பிரிட்டனின் கிரஹாம் பான்டாக்கிற்கு முக்கியப் பங்கு உண்டு. படகின் நீளம் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. எடை 4 கிலோவுக்குக் கீழே இறங்கக் கூடாது. அடியில் நீளும் தகடும் அதன் நுனியிலுள்ள ஈயக் குண்டும் சேர்ந்து 2.2 முதல் 2.5 கிலோ வரை இருக்கலாம். அதாவது படகின் எடையில் பாதிக்கு மேல் நீருக்கடியில் தொங்குகிறது. காற்று எவ்வளவு சாய்த்தாலும் படகு நிமிர்வது இதனால்தான். உடலிலும் பாய்மரத்திலும் கார்பன் இழை கூடாது. கண்ணாடி இழை, மரம், அலுமினியம் போன்றவையே அனுமதி. இந்தத் தடைக்குள்தான் வகுப்பின் வெற்றி இருக்கிறது. எடையைக் குறைக்கப் பணத்தைக் கொட்டுவதால் பயனில்லை என்றானதும், மரக்கீற்றுகளை ஒட்டி வீட்டுப் பட்டறையில் செய்த படகும் தொழிற்சாலைப் படகும் ஒரே கோட்டில் நிற்க முடிந்தது.

ஒவ்வொரு படகுக்கும் ஏ, பி, சி என மூன்று பாய்த்தொகுதிகள் உண்டு. ஏ தொகுதியின் முதன்மைப் பாய் 1,600 மில்லிமீட்டர் உயரம். சி தொகுதியினது 880. இளங்காற்றுக்கு ஏ, காற்று வலுக்கும்போது பி, புயல்போல் அடித்தால் சி. மாற்றத் தாமதித்தவருக்கு உடனே தண்டனை கிடைக்கும். காற்றோடு விரையும் படகின் மூக்கு நீருக்குள் புதைந்து, பாய் நனைந்து, படகு அப்படியே நின்றுவிடும். அவசரப்பட்டுச் சிறிய பாய்க்கு மாறியவரோ காற்று தணிந்ததும் பின்தங்குவார். பந்தயங்களுக்கு இடைப்பட்ட சில நிமிடங்களில் வானத்தைப் பார்த்து எடுக்கும் இந்த முடிவிலேயே பல நாள் போட்டிகள் தீர்ந்துவிடுகின்றன.

வேகம் அதிகமில்லை. நீரைக் கிழித்துச் செல்லும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே வரம்பு. ஒரு மீட்டர் படகுக்கு அது மணிக்குச் சுமார் 4.5 கிலோமீட்டர். மனிதன் நடக்கும் வேகம்தான். அதனால்தான் படகோட்டிகள் படகுடன் இணையாகக் கரையில் நடந்தபடியே ஓட்ட முடிகிறது.

இந்த விளையாட்டின் உண்மையான கடினம் தொலைவில் இருக்கிறது. படகில் இருப்பவருக்குக் காற்று கன்னத்தில் படும். கரையில் இருப்பவர் அதை நீரின் நிறத்தில்தான் படிக்க வேண்டும். கருத்த சிற்றலைகள் பரவி வந்தால் வேகக்காற்று வருகிறது. படகு திடீரென நிமிர்ந்தால் காற்று விட்டுவிட்டது. தாம் நிற்கும் இடத்துக் காற்றை நம்பி ஓட்டுபவர் தோற்பார். மரங்களும் கட்டடங்களும் சூழ்ந்த சிறு ஏரியில் நூறடிக்கு ஒரு காற்று. இதனினும் பெரிய சிக்கல், தூரத்து மிதவை. படகு மிதவைக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்பது தெரியும். முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. மிதவையைச் சுற்றிவிட்டதாக நம்பிப் படகைத் திருப்புபவர் அதன்மேலேயே மோதுவார். அனுபவசாலிகள் மிதவையைப் பாய் எப்போது மறைக்கிறது, மிதவை எப்போது பாயை மறைக்கிறது என்று கவனித்து முன்பின் கணிப்பார்கள். ஆள் ஏறும் படகுகளில் மிதவையைச் சுற்றிய மூன்று படகு நீளம் சிறப்பு விதிகள் செல்லுபடியாகும் வட்டம். ரேடியோ படகுகளுக்கு அது நான்கு நீளம். தூரத்திலிருந்து மதிப்பிடுபவருக்கு விதி கொடுத்த நியாயமான சலுகை இது.

தொடக்கம் காதால் நடப்பது. ஒலிப்பதிவு ஒன்று நேரத்தை அறிவிக்கும். கடைசிப் பத்து விநாடிகளை ஒவ்வொன்றாக எண்ணும். இரண்டு மிதவைகளுக்கு இடையிலான கோட்டைப் பூஜ்ஜியத்துக்கு முன் தாண்டிய படகு திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். அதன்பின் அடிப்படை விதி எளியது: இடப்புறம் காற்று வாங்கும் படகு, வலப்புறம் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். மீறல் நடந்தால், பாதிக்கப்பட்டவர் தம் பாய் எண்ணையும் மற்றவர் எண்ணையும் சொல்லி இருமுறை உரக்க ஆட்சேபிப்பார். தவறு செய்தவர் ஒதுங்கி, படகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தண்டனையைத் தானே ஏற்கலாம். பெரும்பாலான கிளப்புகளில் நடுவர் இருப்பதில்லை. ஒரு சனிக்கிழமைக் காலையின் பத்துப் பன்னிரண்டு பந்தயங்கள் சண்டையின்றி முடிவது இந்த நேர்மையால்தான்.

முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2 என்று கணக்கு ஏறும். குறைந்த கூட்டுத்தொகை பெற்றவரே வெற்றியாளர். பந்தயங்கள் பல நடந்தால் ஒருவரின் மோசமான முடிவுகள் சில கழிக்கப்படும். பெரிய போட்டிகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட முடியாது. எனவே அணிகளாகப் பிரிப்பார்கள். கீழ் அணி முதலில் ஓடும். அதில் முன்னணியில் வந்தவர்கள், வழக்கமாக நால்வர், உடனே மேல் அணிக்கு ஏறிவிடுவார்கள். மேல் அணியின் கடைசி நால்வர் அடுத்த சுற்றில் கீழே இறங்குவார்கள்.

முன்பு இன்னொரு தலைவலியும் இருந்தது. பழைய ரேடியோ கருவிகளில் இருவர் ஒரே அலைவரிசையை இயக்கினால் இரண்டு படகுகளும் கட்டுப்பாடு இழக்கும். யாரிடம் எந்த அலைவரிசை என்று கரையில் பலகை வைத்துப் பங்கிட்டார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவியதும் அந்தப் பலகை தேவையற்றுப் போனது.

நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலுள்ள கன்சர்வேட்டரி வாட்டர் என்ற கான்கிரீட் குளம், பொதுமக்கள் நின்று பார்க்கும் கிளப் பந்தயத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. இ.பி. ஒயிட் 1945இல் எழுதிய 'ஸ்டூவர்ட் லிட்டில்' கதையின் படகுப் பந்தயம் இங்கேதான் நடக்கிறது. இதற்கு முற்றிலும் மாறானது, இங்கிலாந்தின் மேற்குக் கரையிலுள்ள வெஸ்ட் கிர்பி கடல்நீர் ஏரி. மறைப்பே இல்லாமல் ஐரிஷ் கடலின் காற்று நேராக வந்து விழும் அந்த ஏரியில் 2011இல் ஐ.ஓ.எம். உலகப் போட்டி நடந்தது. ஐ.ஓ.எம். உலகப் போட்டிகள் 2015இல் கலிபோர்னியாவின் ஃபாஸ்டர் சிட்டியிலும், 2022இல் குரோஷியாவின் ரியேக்காவிலும் நடந்தன.

2010களில் புதியவர்களைப் பெரிதும் இழுத்தது 'டிராகன் ஃபோர்ஸ் 65'. 65 சென்டிமீட்டர் நீளமுள்ள இப்படகை மார்க் டிக்ஸ் வடிவமைக்க, சீனாவின் ஜாய்ஸ்வே நிறுவனம் தயாரிக்கிறது. எல்லோரிடமும் ஒரே படகு என்பதே இதன் தத்துவம். விலை குறைவு, சிறிய காரின் பின் இருக்கையிலும் அடங்கிவிடும். பல கிளப்புகள் வாரத்தில் ஒரு நாளை இதற்கும் மற்றொன்றை ஐ.ஓ.எம்.முக்கும் ஒதுக்குகின்றன; ஒன்றில் கற்றவர் மற்றொன்றுக்கு நகர்வது வழக்கம்.