அம்பாசிடரும் ஆயில் சுவிட்சும்

நரிக்குடி–திருச்சுழி ரோட்டுல ராத்திரி நாம பிரேக் பிடிக்கிறதைப் பின்னாடி வர்ற லாரிக்குச் சொல்றது அந்தச் சிவப்பு லைட்டுதான். அது எரியுதான்னு ஓட்டுறவருக்கே தெரியாது மக்களே!

மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் 1957-ல் வந்த அம்பாசிடர், 2014-ல் உத்தரபாராவில் நின்றுபோனது. பழைய மாடல்களில் பிரேக் சுவிட்ச் பெடலில் இல்லை, ஆயில் லைனில். அழுத்தம் ஏறினால்தான் உள்ளே முனைகள் சேரும். ரிலே கிடையாது, பல்புக்கான மொத்தக் கரண்டும் அதன் வழியேதான். பொறி பட்டுப் பட்டு முனை தீய்ந்தால், ஓங்கி மிதிச்சாத்தான் எரியும்.

சாவியைப் போட்டு, சுவிட்ச் ஒயர் ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. எரிஞ்சா சுவிட்ச் காலி. எரியலையா? ஃபியூஸ், பல்ப், எர்த் பாருங்க. சுவிட்சைக் கழட்டினா லைன்ல காத்து ஏறும். அதை வெளியேத்தாம வண்டியை எடுக்காதீங்க. லைட்டைச் சரிபண்ணப் போய் பிரேக்கையே விட்டுடக் கூடாது.