ரொட்டி வரிசையில் நிற்காதவர்கள்

சூப் பாதி குடித்து முடிவதற்குள் வெயிட்டர் வந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. முன்கூடத்தில் விளக்கை அணைக்கப்போகிறோம், இங்கே துப்பாக்கிச் சூடு பலமாக இருக்கும், பின்கட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். 1917 நவம்பர் 7, புதன்கிழமை மாலை. பெட்ரோகிராட் நகரில் குளிர்கால அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஓட்டல் த பிரான்ஸ். சாப்பிட வந்தவர்கள் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ரீடும் அவருடைய கூட்டாளிகளும். அன்றிரவு மாரின்ஸ்கி தியேட்டரில் பாலே பார்க்க அவர்களிடம் டிக்கெட் இருந்தது. நகரத்துத் தியேட்டர்கள் எல்லாம் வழக்கம்போல் திறந்திருந்தன. தெருவில் நடப்பது மேடையில் நடப்பதைவிட விறுவிறுப்பாக இருந்ததால் டிக்கெட் வீணாய்ப் போனது. பின்னாளில் ‘உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்’ எழுதிய அதே ரீட்தான்.

சென்ற வாரம் வரை ஜார், இடைக்கால அரசின் தலைவர் கெரன்ஸ்கி, லெனின் என்று மேடையின் நடுவில் நின்றவர்களையே பார்த்தோம். இந்த வாரம் பார்வையாளர் வரிசைக்கு வருவோம். அங்கேயும் கூட்டம் குறைவில்லை.

பெட்ரோகிராட் பழைய காலத்திலிருந்தே வெளிநாட்டவர் நகரம். நேவா நதிக்கரையில் ஒரு பகுதிக்கே ஆங்கிலேயர் கரை என்று பெயர். அங்கே அவர்களுக்கென்று ஆங்கிலிக்கன் தேவாலயம் இருந்தது. நெவ்ஸ்கி பெருஞ்சாலையில் சிங்கர் தையல் மிஷின் கம்பெனியின் மாளிகை கண்ணாடி உருண்டையைத் தலையில் சுமந்துகொண்டு நின்றது, இன்றும் நிற்கிறது. ஆலை நடத்திய ஆங்கிலேயர்கள், பிரெஞ்சு கற்பித்த ஆசிரியைகள், பிரபுக்கள் வீட்டில் பிள்ளை வளர்த்த ஆயாக்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் குடியேறியவர்கள் ஒரு பக்கம். உலகப்போர் கொண்டுவந்து இறக்கிய ராணுவ அதிகாரிகள், நர்ஸுகள், நிருபர்கள், வியாபாரிகள் இன்னொரு பக்கம். நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கி 1917 ஜனவரியில்தான் இங்கே கிளை திறந்தது. துருக்கித் தூதரகமாக இருந்த நதிக்கரை மாளிகையை அதற்காக எடுத்தார்கள். கல்லூரி முடித்த கையோடு அமெரிக்க இளைஞர்கள் குமாஸ்தா வேலைக்குக் கப்பலேறினார்கள். ரஷ்யாவில் இனி நல்ல காலம் என்று கணக்குப் போட்டவர்களின் நேரத்தை என்னவென்று சொல்ல! கிளை திறந்து இரண்டு மாதத்தில் முடியாட்சி கவிழ்ந்தது.

வந்தவுடன் எல்லோரையும் குழப்பியது காலண்டர். ரஷ்யா ஐரோப்பாவைவிட 13 நாள் பின்தங்கிய ஜூலியன் நாட்காட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. கடிதத்தின் தலையில் இரண்டு தேதி போடுவது தூதரகத்தாரின் பழக்கம். உலகத்துக்கு மார்ச் மாதத்தில் நடந்ததை ரஷ்யா பிப்ரவரிப் புரட்சி என்பதும், நவம்பரில் நடந்ததை அக்டோபர் புரட்சி என்பதும் இதனால்தான்.

அந்த மார்ச் 8ஆம் தேதி, மகளிர் தினத்தன்று, ரொட்டி கேட்டுப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 10ஆம் தேதி நெவ்ஸ்கியில் துப்பாக்கி வெடித்தது. அதே இரவு, அதே சாலையை ஒட்டிய அலெக்சாந்திரின்ஸ்கி தியேட்டரில் மேயர்ஹோல்டு இயக்கிய ‘முகமூடி நடனம்’ நாடகத்தின் முதல் காட்சி, பல வருட ஒத்திகைக்குப் பிறகு, ஆடம்பரமாக அரங்கேறியது. 11ஆம் தேதி ஞாயிறு. அன்று சாலையில் பலர் சுடப்பட்டு விழுந்தார்கள். இரவில் காரில் வீடு திரும்பிய பிரெஞ்சுத் தூதர் மோரிஸ் பலேயோலோக், ஃபான்டாங்கா கால்வாய் ஓரத்தில் ஓர் இளவரசியின் மாளிகை விளக்கொளியில் மின்னுவதையும் வாசலில் விருந்தினர் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதையும் கண்டு டைரியில் குறித்துவைத்தார்.

ஃபான்டாங்காவை நெவ்ஸ்கி கடக்கும் மூலையில் ஆங்கிலோ-ரஷ்ய மருத்துவமனை இருந்தது. பிரிட்டிஷ் நன்கொடையில் நடந்தது. கட்டடம் ரஸ்புதின் கொலையில் கைகோத்த இளவரசர் திமித்ரியின் அரண்மனை. ஆங்கிலேய நர்ஸுகள் ஜன்னலில் நின்றால் போதும், ஊர்வலம், கொஸாக் குதிரைப்படை, சிதறி ஓடும் கூட்டம் எல்லாம் கண்ணுக்குக் கீழே. போர்முனைக்குப் போய்த் திரும்பியவர்களுக்குக்கூட, மருத்துவமனை வாசலிலேயே போர் நடப்பது புதிது.

13ஆம் தேதி காலையில் கலவரம் ஓட்டலுக்குள்ளேயே நுழைந்தது. ஐசக் தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் அஸ்டோரியா 1912இல் திறந்த புத்தம்புதிய ஓட்டல். போர்க்காலத்தில் அதை ராணுவ அதிகாரிகளுக்கென்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரஷ்யத் தளபதிகளோடு நேச நாட்டு அதிகாரிகளும் நிருபர்களும் தங்கியிருந்தார்கள். கட்டடத்திலிருந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள் என்று பேச்சு கிளம்ப, கண்ணாடிக் கதவுகளை நொறுக்கிக்கொண்டு புரட்சிப் படையினர் உள்ளே பாய்ந்தார்கள். கூடத்திலேயே ஆட்கள் செத்து விழுந்தார்கள். அந்த அமளியிலும் பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகளைத் தனியாகப் பிரித்து, நீங்கள் நண்பர்கள், உங்களுக்கு ஒன்றும் வராது என்று விட்டுவிட்டார்கள். அந்நிய நாட்டுச் சீருடை அன்றைக்குக் கவசம். பாதாள அறையில் இருந்த ஒயின் பாட்டில்களுக்குத்தான் கெட்ட நேரம். படையினர் குடித்துக் கூத்தடித்தால் காரியம் கெடும் என்று அவற்றை உடைத்துக் கொட்டினார்கள்.

ஜார் விழுந்த செய்தி புதுச்சேரிக்கு எட்டியதும் பாரதி ‘புதிய ருஷ்யா’ எழுதினார். நேரில் பார்த்த வெளிநாட்டவர் எழுதியவற்றிலோ பாதிக்குப் பாதி சாப்பாட்டுக் கவலை. இதை இளப்பமாகச் சொல்லவில்லை. ஒரு நகரம் நிலைகுலைவதை முதலில் காட்டிக்கொடுப்பது சாப்பாட்டு மேசைதான். ஆனால் அந்த மேசைக்குச் சாப்பாடு எப்படி வந்தது என்று அவர்களில் பலர் கேட்டுக்கொள்ளவே இல்லை. ரொட்டி வரிசையில் நின்றது வேலைக்காரர்கள். அவர்கள் நின்றதால் இவர்களுக்கு உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

ஒரே ஒருவர், வாங்கியும் வந்தார், எழுதியும் வைத்தார். பெயர் பிலிப் ஜோர்டன். அமெரிக்கத் தூதர் டேவிட் பிரான்சிஸின் பணியாள். மிசௌரி மாநிலத்துக் கறுப்பினத்தவர். பிரான்சிஸ், செயின்ட் லூயிஸ் நகர மேயராகவும் மிசௌரி ஆளுநராகவும் இருந்த பழைய அரசியல்வாதி. ராஜதந்திரம் புதிது, ரஷ்ய மொழி தெரியாது, சீட்டாட்டமும் சுருட்டும் பிடிக்கும். 1916 ஏப்ரலில் தூதராக வந்து இறங்கியபோது மனைவியை ஊரிலேயே விட்டுவிட்டு ஜோர்டனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஃபூர்ஷ்டாட்ஸ்காயா தெருத் தூதரகத்தில் ஜோர்டன் செய்யாத வேலை இல்லை. துரைக்கு உடுப்பு எடுத்து வைப்பார், ஃபோர்டு கார் ஓட்டுவார், விருந்துக்கு ஏற்பாடு செய்வார். கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய், காதால் கேட்டே பிடித்த ரஷ்ய மொழியில் பேரம் பேசுவார். நகரமே காய்ந்து கிடந்தபோதும் அமெரிக்கத் தூதரகத்தில் மாவும் இறைச்சியும் இருந்தன என்றால் அது இந்த மனிதரின் கைராசி.

அவர் செயின்ட் லூயிஸில் இருந்த தூதரின் மனைவிக்குக் கடிதம் எழுதினார். எழுத்துப்பிழை நிறைய, நிறுத்தற்குறி கிடையாது. கடைத்தெருவில் என்ன விலை, எந்த மூலையில் சுட்டார்கள், இரவில் எந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது என்று நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார். லெனினின் போல்ஷ்விக்குகள் மீது அவருக்குத் துளியும் அன்பு இல்லை, அதையும் ஒளிக்கவில்லை. தூதர் வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்திகளையும் இந்தக் கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், நகரம் எப்படி இருந்தது என்பது பணியாளின் கையெழுத்தில்தான் தெரிகிறது.

இதற்கு நேர் எதிர்த் துருவம் சாமர்செட் மாம். நாவலாசிரியர் என்ற போர்வையில் பிரிட்டிஷ் உளவாளியாக, விளாடிவோஸ்டாக் வழியாக சைபீரியாவைக் கடந்து கோடை முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தார். தங்கியது ஓட்டல் ஐரோப்பா. கெரன்ஸ்கி அரசைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், ரஷ்யா போரிலிருந்து விலகக் கூடாது, அதுதான் வேலை. நடந்தது என்னவோ ‘மெத்வேத்’ என்ற உயர்தர ஓட்டலில் மந்திரிகளுக்கு வோட்காவும் காவியரும் வாங்கிக் கொடுத்ததுதான். அக்டோபர் கடைசியில், பிரிட்டிஷ் பிரதமருக்குக் கெரன்ஸ்கி சொல்லியனுப்பிய அவசரச் செய்தியோடு கிளம்பினார். செய்தி போய்ச் சேர்ந்தபோது அனுப்பியவரின் அரசே இல்லை. அந்த அனுபவத்தில் பிறந்த ‘ஆஷெண்டன்’ கதைத்தொகுதி 1928இல் வந்தது. அதில் ஓர் அமெரிக்க வியாபாரி, நகரம் பற்றி எரியும்போது, சலவைக்குப் போட்ட துணியை வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்துத் தெருவில் செத்துக் கிடப்பார். கற்பனைக் கதைதான். ஆனால் பெட்ரோகிராட் வெளிநாட்டவரின் மனசை இவ்வளவு சரியாகப் பிடித்த வரலாற்று நூலை நான் படித்ததில்லை.

அந்த இலையுதிர்காலத்தின் அன்றாடக் கணக்கை ரீட் விட்டுவைத்திருக்கிறார். நாளுக்கு ஒன்றரை பவுண்டாக இருந்த ரொட்டிப் பங்கீடு படிப்படியாகக் குறைந்து கால் பவுண்டில் நின்றது. நூறு கிராமுக்குச் சற்று மேல். சர்க்கரை மாதத்துக்கு இரண்டு பவுண்டு, அதுவும் கிடைத்தால். நகரக் குழந்தைகளில் பாதிப் பேருக்குத்தான் பால். ஓட்டல்கள் மாதக்கணக்கில் பாலைக் கண்ணால் கண்டதில்லை. மாலை 3 மணிக்கே இருட்டிவிடும், விடிய காலை 10 மணி ஆகும். மின்சாரமோ மாலை 6 முதல் நள்ளிரவு வரை மட்டும்.

பழகிப்போன மரியாதைகளும் கழன்று விழுந்தன. ஓட்டல்களில் வெயிட்டர்கள் டிப்ஸ் வாங்க மறுத்தார்கள். பரிமாறிப் பிழைப்பதால் எங்களை அவமதிக்கலாம் என்று நினைக்காதீர்கள் என்ற பொருளில் சுவரில் எழுதியே மாட்டினார்கள். ரீடுக்குத் தெரிந்த ஒருவரின் மகள் ஒருநாள் அழுது அரற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். டிராமில் டிக்கெட் கொடுத்த பெண் அவளைத் ‘தோழர்’ என்று கூப்பிட்டுவிட்டாளாம்.

நவம்பர் 7 அன்று பகலில் ரீடும் நண்பர்களும் குளிர்கால அரண்மனைக்குள் நுழைந்த விதம் வேடிக்கையானது. காவலர்களிடம் அமெரிக்க பாஸ்போர்ட்டை நீட்டி, அரசாங்க வேலை என்று சொல்லிக்கொண்டே உள்ளே புகுந்துவிட்டார்கள். பித்தளைப் பொத்தான் வைத்த நீலச் சீருடையில் ஜார் காலத்து வாயிற்காப்போர் வந்து, மரியாதையாகக் கோட்டையும் தொப்பியையும் வாங்கி மாட்டினார்கள். இன்னும் சில மணி நேரத்தில் அங்கே இருந்த கெரன்ஸ்கி அரசே இல்லை. இரவு 9:40க்கு ‘அரோரா’ கப்பல் வெற்றுக் குண்டு வெடித்தது. நள்ளிரவுக்குப் பின் செங்காவலர்களோடு சேர்ந்து அதே அரண்மனைக்குள் மறுபடி போன இவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்து ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டது. இம்முறை புரட்சிக் குழு கொடுத்த அனுமதிச் சீட்டைக் காட்டியும் எளிதில் விடவில்லை. ஓர் அதிகாரி குறுக்கே வந்து வெளியே கூட்டிப்போனார்.

காகிதத்தின் மதிப்பு மாறத் தொடங்கிவிட்டது.

டிசம்பரில் அரண்மனை ஒயின் கிடங்கைப் படையினர் உடைத்துக் குடித்தார்கள். மற்ற மாளிகைகளின் கிடங்குகளும் தப்பவில்லை. தெருவில் போவோரின் ரோமக் கோட்டைத் துப்பாக்கி முனையில் கழற்றிக்கொள்வது சாதாரணமானது. அடுக்கு வீடுகளில் குடியிருப்போர் குழு அமைத்து முறைவைத்து வாசலில் காவல் இருந்தார்கள். டிசம்பர் 27 அன்று தனியார் வங்கிகள் அரசுடைமையாயின. இதில் நேஷனல் சிட்டி வங்கியின் துணிச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும்: லெனின் ஆட்சிக்கு வந்த பிறகு, அதே நவம்பரில், மாஸ்கோவிலும் ஒரு கிளை திறந்திருந்தார்கள்!

பிரிட்டிஷ் தூதரகத்தில் அந்த டிசம்பர் 25 கிறிஸ்துமஸ் விருந்து நடந்தது. ஊருக்குள் இன்னும் 12ஆம் தேதிதான். தூதர் ஜார்ஜ் புக்கானனின் மகள் மெரியல் அதை எழுதியிருக்கிறார். நல்லவேளையாக அன்று மின்சாரம் நிற்கவில்லை. பாட்டு, நாடகம் எல்லாம் உண்டு. மேசை நிறையப் பதார்த்தங்கள். பெரும்பாலும் ராணுவ டின் மாட்டிறைச்சி, வெவ்வேறு வேஷத்தில். அதிகாரிகளின் பையில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி; அலுவலக அறையில் ஒளித்துவைத்த ரைஃபிள்கள்.

வந்திருந்த பலரும் ஊர் திரும்பத் துடித்துக்கொண்டிருந்தவர்கள். ஃபின்லாந்து ஸ்டேஷனில் ரயிலேறி, ஸ்வீடன், நார்வே வழியாகப் போக வேண்டும். ஆனால் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு வெளியேறும் அனுமதி இல்லை என்று, வெளியுறவுப் பொறுப்பில் இருந்த ட்ராட்ஸ்கி கதவை அடைத்திருந்தார். லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் கிடந்த கியார்கி சிச்செரின், பியோதர் பெத்ரோவ் என்ற இரு புரட்சியாளர்களை விடுவித்தால்தான் இங்கிருந்து ஆள் நகரலாம்.  லண்டன் முறுக்கிப் பார்த்தது, பின்பு இறங்கிவந்தது. 1918 ஜனவரி தொடக்கத்தில் இருவரும் விடுதலை. சில நாளில், ஏற்கெனவே உடல்நலம் கெட்டிருந்த புக்கானனும் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்.

பிரிக்ஸ்டன் கைதி சிச்செரின் ஊர் வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். விரைவில் வெளியுறவுப் பொறுப்பும் அவர் கைக்கே வந்தது. மிச்சமிருந்த ஆங்கிலேயர்கள் ஊர் போக அனுமதி கேட்டு நிற்க வேண்டிய அலுவலகம் இப்போது அவருடையது. அமெரிக்கத் தூதரோ ஊர் திரும்பவில்லை. பிப்ரவரி கடைசியில் ஜோர்டனோடு வோலோக்தா என்ற சிறு நகருக்கு ரயிலேறினார். உலக வல்லரசுகளின் தூதர்கள் ஒரு ரயில் சந்திப்பு ஊரில் மாதக்கணக்கில் சீட்டாடிக்கொண்டிருந்த கதை அடுத்த வாரம்.