செக்ரோலிலிருந்து கைபேசிக்கு

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இருக்கிறது புசல்லாவை. அங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தின் பெயரே காப்பிக் காலத்து முதலாளிகளை நினைவூட்டும். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைநோய் காப்பியைத் தின்று தீர்த்தது. அந்த மலைகளில் தேயிலை ஏறியது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் வாழ்க்கை மட்டும் அப்படியே தொடர்ந்தது.

லயத்துக்கு முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து யார் கையிலாவது லயத்து அறையான காம்பராவுக்கு வந்து சேரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் மலையகத்தில் ஏராளம்.

பொதுக் காரியத்துக்குக் காசு சேர்ப்பதும் ஆபீஸ் வழியேதான் நடந்தது. மாரியம்மன் திருவிழா என்றால் தோட்டத் தலைவர்கள் கூடி ஒரு தொகை தீர்மானிப்பார்கள். சம்பளப் பதிவேடான செக்ரோலில் அது பிடிக்கப்படும். பின்னாளில் தொழிற்சங்கச் சந்தாவும் அந்த வழியிலேயே போனது. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் சொன்னால் செய்தி பரவிவிடும், செக்ரோலில் எழுதினால் காசு சேர்ந்துவிடும். வசதிதான். ஆனால் இரண்டின் சாவியும் தோட்ட நிர்வாகியான துரையிடம் இருந்தது.

துரைக்குப் பிடிக்காத சேதியோடு வந்தவர் பாடு திண்டாட்டம். அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனது அதனால்தான். 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கிய அவருக்குத் துணையாக, மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். படிக்கத் தெரியாதவரிடமும் போய்ச் சேரும் வழி அன்று குரல் ஒன்றுதான்.

1989இல் இலங்கைக்கு வந்த கைபேசி, லயத்துக்குள் நுழைய வெகுகாலம் பிடித்தது. நுழைந்த பிறகு, தோட்டத்து ஆளுக்குத் தன் பெயரில் கிடைத்த முதல் முகவரி அந்த இலக்கம்தான் என்று சொல்லிவிடலாம். 2012இல் டயலொக் நிறுவனம் தொடங்கிய ஈசி கேஷ், வங்கிக் கணக்கு இல்லாதவரும் கடையில் காசு கட்டி அனுப்ப வழி செய்தது.

ஆனால் கைபேசிக் கொடைக்கு வெளிநாட்டு உதாரணத்தை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது அமெரிக்கர்கள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் 10 டாலர் மாதக் கட்டணத்தில் ஏறியது. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 3 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. மாதக் கட்டணம் கட்டுபவருக்கு அது சரி. ஐம்பது ரூபாய் ரீலோட் போட்டு, அதில் பாதியைத் தீர்த்துவிட்டு நிற்பவரிடம் எதைக் கழிப்பது? தோட்டங்களில் கைபேசிக் கொடை வேறு விதமாக வளர்ந்தது. கொழும்புக் கடைகளிலும் வளைகுடாவிலும் வேலை செய்யும் பிள்ளைகளை வாட்சப் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். கோயில் கும்பாபிஷேகம், ஒருவருடைய ஆபரேஷன், பள்ளிக்கூடக் கூரை எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. கொழுந்து பறிக்கும் அம்மாக்களுக்குக் குரல் பதிவு. மற்றவர்களுக்கு வங்கிச் சிட்டையின் படம்.

பழைய வழக்கத்தில் ஒன்று மட்டும் விட்டுப்போகலாகாது. திருவிழா முடிந்ததும் கோயில் வாசலில் வரவு செலவை வாசிப்பார்கள். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு. வாய்த் தகராறு வராத வருஷம் அபூர்வம். கொடுத்தவன் கேள்வி கேட்டான் என்பதுதான் அதன் பொருள். வாட்சப் குழுவிலோ காசு வந்த படங்கள் குவிகின்றன, செலவுப் பற்றுச்சீட்டுகள் அரிதாகவே வருகின்றன. அதையும் படம் பிடித்துப் போடுங்கள் என்று குழுக்களில் இளைஞர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள்.